பாத்துக்குதுங்க என்று சொன்ன காலை

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட் கரையேறி வலையைத் தட்டும்போது, புருஷனை இழந்த கிழவிகள் கூடையோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்போம். கேட்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. போட்டுக்காரர்களே வந்து ஆளுக்கு ஒரு கை மீன் அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். போட்டது யார் என்று நிமிர்ந்து பார்ப்பது மரியாதை இல்லை. திருவிடந்தைக்குப் பக்கத்தில் இந்தக் கரைக்கு நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், முதியோர் பணம் வாங்குகிறவர்களை விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். என் கூடையில் கொஞ்சம் சங்கரா மீன் கிடந்தது.

"யாரும்மா மீன் குடுத்தது?"

எதிரில் நின்றது என் மகன் போகிற போட். அவன் குனிந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஏலம் எடுக்க வந்த பெண்கள். அவன் என் வாசல் பக்கம் வந்து வருஷங்கள் ஆகின்றன என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணம், பிள்ளைகள், கடன் என்று ஆனபிறகு வருவது குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. ஊருக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் என் வாயால் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"என் புள்ளதாங்க குடுத்துது," என்றேன்.

"அப்ப மகன் உங்களைப் பாத்துக்கறாரா?"

"பாத்துக்குதுங்க. நல்லா பாத்துக்குது."

பின்னால் ஒருத்தி இருமினாள். ஆபீசர் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் பேங்கில் பணம் ஏறவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அரிசி ரேஷனில் வந்துவிடும், குழம்புக்குக் கரை இருக்கிறது. எனக்குக் கவலையெல்லாம் கண் சொட்டு மருந்துதான். கண்ணுக்குள் பிரஷர் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மருந்தை நிறுத்தினால் பார்வை போகும், போனால் திரும்பாது என்றும் சொன்னார்கள். அதில் ஒரு மருந்து ஆஸ்பத்திரியில் கிடைக்காது, கடையில்தான் வாங்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு நாள் இந்தக் கண்ணுக்கு, மறுநாள் அந்தக் கண்ணுக்கு என்று மிச்சம் பிடித்தேன். விளக்கைச் சுற்றி வளையம் தெரிய ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பணம் ஏன் நின்றது என்று கேட்பார்களே.

ஒரு நாள் நங்கூரக் கயிறு தடுக்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு மீன்காரிதான் தூக்கிவிட்டாள்.

"இன்னா ஆயா, இம்மாம் பெரிய கயிறு தெர்ல?"

மழுப்பிப் பார்த்தேன். அவள் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ சொட்டு மருந்த கண்ணுல வுட்டுக்கினு கீற. வாயில வுடு, மொதல்ல அதான் கெட்டுக் கீது."

தாலுகா ஆபீசுக்கு அவள்தான் கூட வந்தாள். பிள்ளை பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது, மகன் ஆதரவில் இருப்பதாகக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது, புதிதாக மனு கொடுங்கள், வரிசைப்படி வரும் என்றார்கள். அவள் என்னை அங்கிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏற்றினாள். கோர்ட்டில் ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிற இடம் இருக்கிறதாம்.

"துட்டு வாங்க மாட்டாங்களாம் ஆயா. மீனு கேட்டா குடுத்துக்கலாம்," என்று வழியெல்லாம் சிரிப்புக் காட்டிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வக்கீலம்மா சின்ன வயசு. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. "புது மனு போட்டா எத்தனை மாசம் ஆகுமோ. கண்ணு அதுவரைக்கும் தாங்காதும்மா. ஐகோர்ட்டுல அவசர மனு போடுவோம். வழக்கு முடியற வரைக்கும் பணத்தைக் குடுங்கன்னு இடைக்கால உத்தரவு கேப்போம்," என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். "மகன் கடைசியா எப்பம்மா உங்களுக்குக் காசு குடுத்தார்?"

நான் தரையைப் பார்த்தேன். "அவனுக்கும் புள்ளைங்க கீது. எஞ்சின் கடன் வேற. கடல்லயும் முன்ன மாதிரி மீனு இல்ல."

"நான் அதைக் கேக்கலையேம்மா."

"எனக்குப் புள்ளையே இல்லன்னு எழுதிடும்மா."

மீன்காரி துள்ளி எழுந்தாள். "அடிப்பாவி ஆயா, உசுரோட கீறவன சாவடிக்கிறியே!"

எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் ராப்பகலாக மடியில் போட்டுக்கொண்டிருந்தவள் நான். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். இது சத்தியம் பண்ணிக் கொடுக்கிற காகிதம், இதில் பொய் எழுதினால் தன்னால் கோர்ட்டில் நிற்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உள்ளதை எழுதி வாசித்துக் காட்டினார். மகன் உயிரோடு இருக்கிறான், என்னைப் பராமரிப்பதில்லை. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன்.

மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு நான் வரத் தேவையில்லை என்றுதான் வக்கீலம்மா சொன்னார். மனசு கேட்காமல் போனேன். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் மீன்காரியோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. திடீரென்று ஜட்ஜ் ஐயா தமிழில் கேட்டார். "அந்தம்மா வந்திருக்காங்களா?"

மீன்காரி என்னை எழுப்பி நிறுத்தினாள்.

"மகன் நல்லா பாத்துக்கறார்னு நீங்களே சொன்னதா அரசு வக்கீல் சொல்றாரே, உண்மையா?"

"சொன்னேங்க."

"ஏன் சொன்னீங்க?"

"எல்லாரும் இருந்தாங்கய்யா."

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் ஐயா சிரிக்கவில்லை. "இப்ப சொல்லுங்க. மகன் பாத்துக்கறாரா?"

கரையில் இருந்தவர்களைவிட இங்கே ஜனம் அதிகம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். "இல்லீங்க," என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

மறுபடி விசாரித்து முடிக்கும்வரை பணத்தை நிறுத்தக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு ஆயிற்று. வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பணம் ஏறியது. மருந்து வாங்கி இரண்டு கண்ணுக்கும் விட்டேன். மறுவிசாரணை மட்டும் பாக்கி இருந்தது.

அதே ஆபீசர் வந்தார், அதே கரைக்கு. "வீட்டாண்ட போய்ப் பேசலாமாம்மா?" என்றுகூடக் கேட்டார். நல்ல மனுஷர். ஆனால் அக்கம்பக்கத்தாரும் சொல்ல வேண்டுமாம். பெண்கள் ஏற்கெனவே சுற்றி நின்றுவிட்டார்கள். மகன் வழக்கம்போல எதிரில் வலை தட்டிக்கொண்டிருந்தான்.

"மகன் பாத்துக்கறாராம்மா?"

"இல்லீங்க. பாத்துக்கல."

இந்தத் தரம் யாரும் இருமவில்லை. வலை தட்டும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டது. மீன்காரியும் இன்னும் இரண்டு பேரும் ஆமாம் என்று சொன்னார்கள். ஆபீசர் எழுதிக்கொண்டு போனார்.

அன்றைக்கு எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தேன். கூடையில் மீன் விழுந்தது. வழக்கப்படி நான் நிமிரவில்லை. மற்றவர்கள் ஒரு கையால் போடுவார்கள். இது இரண்டு கையாலும் அள்ளிப் போட்டது. அவன் அப்பா அப்படித்தான் அள்ளுவார். போட்டவன் கால்கள் ஒரு நிமிஷம் நின்றன. பிறகு மணலில் திரும்பிப் போயின.

அந்த மீனைக் குழம்பு வைத்தேன். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வாய்க்குப் போகவில்லை. இதையும் அந்த ஆபீசரிடம் சொல்ல வேண்டுமோ என்னவோ. இன்றுவரை யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.