இருநூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர்

ஸ்க்ரூ அக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை அவளுடையது. பத்தொன்பது வருஷமாக அங்கே குனிந்தே பிழைக்கிறாள்; வாய் மட்டும் யாருக்கும் குனிந்ததில்லை. உயிர் வராத பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், பார்த்த மாத்திரத்தில் இதுதான் பழுது என்று சொல்லவே மாட்டாள். எல்லாவற்றையும் கழற்றி மேஜையில் பரப்புவாள். எது எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்பாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ப்பாள். எதைச் சேர்த்ததும் மூச்சு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கழற்றிப் பார்க்காமல் யார் மேலும் பழி போடக் கூடாது என்பது கடைச் சட்டம்.

கடைக்கு வெளியே அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சோடு கிடந்தாள். குளிருகிறது, என் சிவப்புக் கம்பளி வேணும் என்றாள். கம்பளி அண்ணன் வீட்டில் இருந்தது. அண்ணன் வீடு தாழ்ந்த பாலத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், பன்னிரண்டு கிலோமீட்டர். உடனே எடுத்துக்கொண்டு வரச் சொல்லி போன் செய்தாள். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது. மழை, பாலம் முழுகிடுச்சு என்றான். "இங்க ஒரு துளி விழலையே" என்று சொல்லி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவள்தான். அதன்பிறகு பேச்சு வார்த்தை கிடையாது.

அந்தப் பாலத்துக்கு அப்பாலிருந்துதான் ஒரு காலைநேரம் அந்தப் பெரியவர் வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றார். தான் ஒன்றுமே பண்ணவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அந்த ஒண்ணுமே பண்ணாததைத்தான் விவரமா சொல்லுங்க ஐயா" என்றாள் அவள். பத்தொன்பது வருஷத்தில் ஒன்றும் பண்ணாதவர்கள்தான் அவளுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

மெல்ல மெல்ல வந்தது. நாளைக்கு ஒரு என்ஜினீயர் அவர் வீட்டுக்கு வருகிறார். பாலத்தை உயர்த்திக் கட்டப் போகிறார்கள். எவ்வளவு உயரம் என்று முடிவு செய்ய மழைக்கணக்கு வேண்டும். என்ஜினீயர் அலுவலகத்திடம் இருப்பது நாலு வருஷக் கணக்கு. இவரிடம் இருப்பது முப்பத்தொரு வருஷக் கணக்கு. வரப்போகிறவர் முன்னால் பெட்டி அழுக்காக இருக்கக் கூடாதென்று, நேற்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுத்திருக்கிறார்.

கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியானதும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று. சரி, டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். பூட்டியிருக்கிறது என்றது திரை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவருடைய மகள் பூட்டிக் கொடுத்திருந்தாள். அதைத் திறக்கும் சாவி பெட்டிக்குள் எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டிலேயே இருந்தது. அவசரத்துக்கு ஒரு நீள எண் கொடுத்திருப்பார்களே என்றாள். கொடுத்தார்கள், பத்திரமாக எழுதி வைத்திருக்கிறேன் என்றார். எங்கே? அதே கம்ப்யூட்டருக்குள்.

சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த போர்டு செத்திருந்தால் முப்பத்தொரு வருஷ மழையும் போச்சு.

மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து மறுபடி மாட்டினாள். நூற்றுக்குத் தொண்ணூறு பெட்டிகள் இதற்கே எழுந்துவிடும். இது எழவில்லை. மெமரியே இல்லாமல் ஓட்டினாள். அப்படி ஓட்டினால் நல்ல போர்டு எனக்கு மெமரி இல்லையே என்று பீப் பீப்பென்று முறையிட வேண்டும். இதில் சத்தமே இல்லை. பெரியவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

கடைசியில் போர்டையே பெட்டியிலிருந்து கழற்றி ஓர் அட்டைமேல் வைத்தாள். கரண்ட் கொடுத்து, ஸ்விட்சுக்குப் பதிலாக, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டாள்.

பீப் என்றது.

அவளுக்கு மேல் சிலிர்த்தது. இத்தனை வருஷமாகியும் இது அவளுக்குப் பழகவே இல்லை. கரண்ட் வந்த கணத்தில் அந்தப் பலகைக்கு ஒன்றுமே தெரியாது. தான் யார், தன்னிடம் என்ன இருக்கிறது என்று முதலில் தன்னையே தடவிப் பார்த்துக்கொள்கிறது. பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறது. எத்தனை ஆயிரம் தடவை எழுப்பினாலும் அத்தனை தடவையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறது.

அட்டைமேல் பேசுகிற போர்டு பெட்டிக்குள் ஊமையாகிறது என்றால் குற்றம் பெட்டியில். டார்ச் அடித்தாள். போர்டு இருந்த இடத்துக்கு அடியில் நெல்மணி அளவில் ஒரு ஸ்க்ரூ. என்றைக்கோ யாரோ தவறவிட்டது, நேற்று கவிழ்த்துத் தட்டியதில் உருண்டு வந்து போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். எல்லாவற்றையும் மாட்டி ஓட்டியதும் திரை வெளிச்சமானது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரம் கண்ணாடியில் இல்லை.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் கணக்கைத் திறந்தார். தேதி, அளவு, குறிப்பு என்று மூன்று வரிசை. அளவு வரிசையில் பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று பக்கம் பக்கமாக ஓடியது.

"பெய்யாத நாளை எதுக்கு ஐயா எழுதுறீங்க?"

"பெய்யலைன்னு சொல்லணும்னாலும் போய்ப் பார்த்துட்டுத்தானேம்மா சொல்லணும்."

முப்பத்தொரு வருஷம். தினமும் காலை ஆறரை மணிக்கு மொட்டைமாடி ஏறி, காலியாகக் கிடக்கும் மழைமானிக்குள் குனிந்து பார்த்திருக்கிறார். பதினோராயிரம் தடவைக்கு மேல். இந்த மனுஷன் முன்னால் நாம் எந்த மூலைக்கு என்று அவளுக்குத் தோன்றியது. வெகுநேரம் அந்தப் பூஜ்ஜியங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வாய் தானாகவே ஒரு தேதியைச் சொன்னது. அம்மா போன தேதி.

அவர் தேடிப் பிடித்தார். அளவு: 214. எவ்வளவு பெரிய மழை என்று அவளுக்குப் புரியவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் பெரிசு, மானி வழிந்து வழிந்து மூன்று தடவை அளந்தேன், மலை மேல கொட்டினது உங்க பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது என்றார் அவர். பக்கத்தில் குறிப்பு இருந்தது. அவளே படித்தாள்.

'பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஒருவர் சிவப்புக் கம்பளியோடு நிற்கிறார். இரண்டு முறை தண்ணீரில் இறங்கிவிட்டார். பிடித்து இழுத்தோம். மாலை வரை வடியவில்லை. அவரும் போகவில்லை.'

அவள் வெளியே வந்து படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்தாள். அண்ணன் எண் விரலுக்கு மறந்திருக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணா" என்றாள். அடுத்த மூச்சிலேயே கேட்டாள்:

"அம்மாவோட அந்தக் கம்பளி இருக்கா?"

"இருக்கு."

"நான் வந்து எடுத்துக்கட்டுமா?"

"வாம்மா" என்றான். "இப்பவே வா. பாலத்துல தண்ணி இல்ல."