விதைக்கு வேண்டிய புகை

மழை பிடித்து ஜன்னல்களைச் சாத்திவிட்டால் எங்கள் வகுப்பறை முழுக்கப் புகை வாசம் அடிக்கும். சட்டையில், தலைமுடியில், புத்தகப் பையில், சோற்றுத் தூக்கின் மூடியில் என்று எங்கெங்கோ ஒட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கூடவே வந்த அடுப்புப் புகை அது. மலைக்குக் கீழேயிருந்து வேலைக்கு வந்திருந்த டீச்சர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்ன பிள்ளைங்களா, அடுப்புக்குள்ளயே படுத்திருந்தீங்களா?" என்று கேட்பார். படுத்துத்தான் இருந்தோம், அதில் பொய் ஒன்றும் இல்லை.

வீடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில், ரோட்டை விட்டு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் முடிவில், மண்சுவரும் புல்கூரையுமாக ஒரே ஓர் அறை. ஒரு மூலை சமையலுக்கு, மீதி மூலைகள் மீதி எல்லாவற்றுக்கும். மார்கழிக் குளிரில் அடுப்பைச் சுற்றித்தான் படுக்கை. ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் குளிர் வரும், குளிர் வந்தால் இன்னும் விறகு வேண்டும், விறகு எரிந்தால் புகை வரும், புகை வெளியே போக ஜன்னல் இல்லை. இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எங்கள் குடும்பம் காலங்காலமாக இருமிக்கொண்டிருந்தது.

அடுப்புக்கு நேர்மேலே மூங்கில் பரப்பிய ஒரு பரண் இருந்தது. எங்கள் பேச்சில் அது "அட்டாலி". அப்பாவின் சொத்து முழுக்க அங்கேதான் இருந்தது: அறுப்பில் பொறுக்கியெடுத்த தினைக்கதிர்க் கட்டுகளும், சாணி மெழுகிய மூங்கில் கூடையில் மொச்சை விதையும். புகையேறிக் கரேலென்று தொங்கும் அந்தக் கதிர்களைப் பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஆனியில் மழை விழுந்து விதைத்தால் ஒன்றுகூடப் பொய்க்காது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது விதை குறைந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒரு படி வாங்கிப் போனால் அறுப்பு முடிந்ததும் கூடுதலாகவே கொண்டுவந்து தர வேண்டும் என்பது வழக்கம். அப்பா இதுவரை யார் வீட்டிலும் விதை கேட்டுப் போனதில்லை, அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. மற்றபடி பெருமைப்பட வேறு ஒன்றும் இல்லாததால் அம்மா அதைக் கிண்டல் செய்யாமல் விட்டு வைத்திருந்தாள்.

தம்பி கதிரவனுக்கு அப்போது பால்பல் விழாத வயது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு "இழுப்பு". குளிர்காலம் வந்துவிட்டால் நெஞ்சுக்குள் யாரோ சீழ்க்கை அடிப்பதுபோல மூச்சு கூவும். படுக்க முடியாமல் அம்மாவின் தோளில் நிமிர்ந்தபடியே தூங்குவான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவிடிய இருப்பாள். ஒரு பொங்கல் நோம்பிக்கு முன்னால் உதடெல்லாம் நீலம் பாய்ந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த நர்சம்மா வெளிமாவட்டத்துக்காரர், கொஞ்சம் கடுகடுப்பு. இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பும்போது அம்மாவின் சேலைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தப் புகையிலயே புள்ளைய வெச்சிருந்தா நான் எத்தனை மருந்து குடுத்தாலும் நிக்காது. அடுத்த குளிரைத் தாங்குவான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அம்மா அழவில்லை. வரும் வழியெல்லாம் தம்பியின் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டபடியே வந்தாள், எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நோம்பி கழிந்ததும் அம்மா புகையில்லா அடுப்பு போட ஆரம்பித்தாள். பெண்கள் கூட்டத்தில் எப்போதோ செய்து காட்டியதை மனதில் வைத்திருந்தாள். புற்றுமண்ணும் வைக்கோல் துணுக்கும் சாணியும் குழைத்து, விறகு வைக்க ஒரு வாய், ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திரம் வைக்க இரண்டு கண், கடைசியில் புகை ஏறிப்போகச் சுவருக்கு வெளியே ஒரு சிமெண்டுக் குழாய். சுவரை உடைக்க அப்பாவுக்கு மனசே இல்லை. "பொக இல்லாத ஊடு ஆளில்லாத ஊடு மாதிரி இருக்கும் புள்ள" என்று முனகிக்கொண்டேதான் கடப்பாரையை எடுத்தார். குழாய் நின்றதும் பக்கத்துக் காட்டுச் செல்லாயி அக்கா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, ரைஸ்மில்லு எப்பங்க தொறக்கறீங்க?" என்று கேட்டாள். அதன்பிறகு ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே "மில்லு ஊடு" என்றாகிவிட்டது.

அடடா, அந்த அடுப்பு செய்த காரியத்தை என்னவென்று சொல்வது! முன்கண்ணில் கஞ்சி கொதிக்கும்போதே, அதே தீயில் பின்கண்ணில் குளிக்க வெந்நீர் காய்ந்தது. தனியாக வெந்நீர் அடுப்பு வேண்டியதில்லை. ஒரு சுமை விறகு முன்னைவிட ஏறக்குறைய இரட்டிப்பு நாள் வந்தது, அம்மாவுக்குக் கழுத்து வலி குறைந்தது. கை ருசி கண்டவள் அதோடு நிற்கவில்லை. மொச்சையை முந்தின நாளே ஊறவைத்தாள், எந்தப் பானையையும் மூடாமல் கொதிக்கவிட்டால் என்னைத் திட்டினாள், கரி பிடித்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். விறகும் மிச்சமாகிறது, புகையும் குழாயோடு போய்விடுகிறது, இனி ஜன்னல் வைத்துக் கொஞ்சம் குளிர் வந்தாலும் நஷ்டமில்லை என்று சொல்லிக் கிழக்குச் சுவரில் ஒரு சின்ன ஜன்னலையும் வைக்கச் செய்தாள். பகலில் விளக்கு போடாமல் வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான். எங்கள் அப்பாவுக்கு மூக்கின்மேல் ஒரு மச்சம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்றால் நம்ப வேண்டும்.

ஆனியில் முதல் மழை விழுந்தது. அப்பா காட்டை உழுதுவிட்டு வந்து, அட்டாலியில் ஏறி விதையை இறக்கினார். கதிர்க்கட்டைக் கீழே வைத்ததும் அதிலிருந்து சாம்பல் நிறத்தில் அந்துப்பூச்சிகள் பொலபொலவென்று பறந்தன. தினை முழுக்க நூலாம்படை கட்டி, கையில் எடுத்தால் வெறும் உமியாக உதிர்ந்தது. மொச்சைக் கூடையைத் திறந்தார்; ஒவ்வொரு விதையிலும் துளை, துளைக்குத் துளை வண்டு. எங்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டது. நெஞ்சை அடைத்த அதே புகைதான் இத்தனை காலமும் விதையைக் காத்திருக்கிறது. அடுப்பை மாற்றும்போது கண் எரிச்சலைப் பற்றி நினைத்தோம், நெஞ்சைப் பற்றி நினைத்தோம், விறகைப் பற்றி நினைத்தோம். தலைக்கு மேலே இருந்த அட்டாலியை ஒருத்தரும் நினைக்கவில்லை. விதைக்காரக் குடும்பம் என்று பெயர் வாங்கியிருந்த நாங்களே!

அப்பா மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்தார். "இந்த எழவு மில்ல உடைச்சாத்தான் இந்த ஊடு உருப்படும்" என்று கத்திக்கொண்டே அடுப்பருகே போனார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். எப்போதும் "ஏனுங்க" என்று தாழ்ந்தே பேசும் அவள் குரலை உயர்த்தியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வெத போனா நாலு ஊட்ல போய்க் கேட்டு வாங்கிக்கலாமுங்க. இவன் மூச்சு போனா எந்த ஊட்லங்க போய்க் கேப்பீங்க?"

கடப்பாரை அப்படியே நின்றது. தம்பி ஒன்றும் புரியாமல் அப்பாவின் மூக்கு மச்சத்தைத் தொடக் கையை நீட்டினான். அப்பா கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டு விழுந்த கூடையை வாசலில் கவிழ்த்துத் தட்டி, துண்டால் துடைத்து, அந்தக் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். "நீயும் வா கண்ணு" என்று என்னைக் கூப்பிட்டார். தனியாகப் போகக் கூச்சம், வேறென்ன.

செல்லாயி அக்கா வீட்டு வாசலில் நின்று அவர் தொண்டையைச் செருமிவிட்டு என் தோளைத் தட்டினார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா முதலில் சிரித்தாள். "மில்லு வெதைய அரைச்சுப்புடுச்சா?" என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, உள்ளே போய்ப் புகை படிந்த அவள் அட்டாலியிலிருந்து தினைக்கட்டையும் மொச்சையையும் இறக்கிக் கொண்டுவந்தாள். "என்னமோ புதுசா கேக்கற மாதிரி நிக்கறீங்க. போன வருசம் உங்க ஊட்ல வாங்கிட்டு வந்த வெதைல வெளைஞ்சதுதானுங்கண்ணா இது. எடுத்துட்டுப் போங்க" என்றாள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொன்னால் நம்பிவிடலாம், ஆனால் மழை பெய்து குளிர்ந்து கிடந்த நாள் அது.

அந்த வருடம் விதைப்பு பொய்க்கவில்லை. அறுப்பு முடிந்ததும் அம்மாவே ஏற்பாட்டை மாற்றினாள். வீட்டுக்குள் இருந்த அட்டாலி பிரிந்து, காட்டில் காவலுக்குப் போட்டிருந்த கொட்டாய்க்குப் போனது. விதைக்குப் புகை வேண்டுமென்றால் விதைக்கு மட்டும் புகை போடட்டும் என்றாள். அப்பா தினமும் சாயங்காலம் கொட்டாயில் மூட்டம் போட்டு, கண் சிவக்க, மூக்கு ஒழுக, இருமிக்கொண்டே வருவார். அம்மா சுடுதண்ணியை நீட்டியபடி, "இத்தன வருசம் நாங்க எப்படிங்க இருந்திருப்போம்?" என்று மெல்லக் கேட்பாள். அவர் தண்ணியை வாங்கி ஊதி ஊதிக் குடிப்பார். மறுபடி அடுப்பைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை.

அந்த மார்கழியில் தம்பிக்கு இரண்டு மூன்று தடவை இழுப்பு வந்தது, மருந்துக்கு அடங்கியது. ஒருநாள் விடியற்காலை நான் விழித்தபோது அவன் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்மாவும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் அவள் படுத்துத் தூங்கி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எழுப்பாமல் நானே அடுப்பைப் பற்றவைத்தேன்.

இப்போது நான் மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் குடியிருக்கிறேன். கான்கிரீட் வீடு, நாள் முழுக்க மின்விசிறி, அப்படியும் வேக்காடு. மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்து, மேற்குச் சுவரில் அவரைக் கொடியைப் படரவிட்ட பிறகு கொஞ்சம் தேவலை. கொஞ்சநாள் முன்பு காரவள்ளி வழியாக பஸ் பிடித்து மேலே போனேன். எல்லார் வீட்டிலும் கேஸ் வந்துவிட்டது. தினை போட்ட காடெல்லாம் மரவள்ளி நிற்கிறது. அட்டாலி என்றால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. செல்லாயி அக்கா வீட்டிலும் விதை இல்லை. தினை வேண்டுமென்றால் கடையில் பொட்டலமாக வாங்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. விதையைக் காக்க எல்லாருமே ஒரு கொட்டாய் போட்டிருக்கலாம், ஏன் போடவில்லை என்று கோபமும் உண்டு. ஆனால் அந்தக் காலத்துப் புகையடுப்புச் சமையல் மாதிரி வருமா என்று யாராவது என்னிடம் சப்புக்கொட்டினால் எழுந்து போய்விடுவேன்.

அன்றைக்கு மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கதிரவன் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் நின்றுகொண்டு, கீழே இருப்பவர்களை விரட்டிப் பாட்டும் பாடிக்கொண்டிருந்தான், அவன் குரல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. இறங்கி வந்ததும் அம்மா அவன் முதுகு வேர்வையைத் துடைக்கிற சாக்கில் உள்ளங்கையை அங்கேயே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். அவன் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எல்லார் முன்னாலும் வெட்கமாக இருக்காதா, "விடும்மா" என்று நெளிந்தான். அவள் விடவில்லை. நானும் அவன் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். நெஞ்சுக்குள் அந்தச் சீழ்க்கைச் சத்தம் துளியும் இல்லை.