மாமா வாங்கிய ஸ்பீக்கர்

என் மாமாவுக்குத் தன் காதைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஈப்போவில் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தில் கிடந்துவிட்டு வந்தாலும், பாட்டுக் கேட்கும்போது தபேலா எந்தப் பக்கம், வயலின் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்வார். எனக்கு இரண்டும் ஒரே பக்கம்தான், ரேடியோ இருக்கும் பக்கம்.

அவர் அம்மாவின் தம்பி. அப்பாவின் தங்கையான என் அத்தையை அவருக்குப் பேசி முடித்துப் பரிசமும் போட்டாகிவிட்டது. இரண்டு பேரும் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுக்கிறோம், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

பரிசத்தை மாமா கேசட்டில் பதிவு செய்தார். சிம்பாங் பூலாயில் நாங்கள் இருந்த வீட்டில் பிளக் ஒரே இடத்தில்தான், அடுப்படி வாசலில். அதனால் ரெக்கார்டரும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பிறகு எங்கள் பழைய ரேடியோவில் போட்டுக் கேட்டால் எல்லாரும் கிணற்றுக்குள் இருந்து பேசுவார்கள். நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். தேங்காய் உடைத்த சத்தம் என்று அப்பாவின் அம்மாவான பாட்டி சொன்னார். நாங்களும் ஒவ்வொரு தடவையும் தேங்காய் உடைவதைச் சந்தோஷமாகக் கேட்டோம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டீரியோ வாங்க வேண்டும் என்று மாமா அப்பாவையும் என்னையும் ஈப்போவுக்குக் கூட்டிப் போனார். அந்தச் சீனர் கடையில் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர்கள் நின்றன.

"இத எடுங்க மாப்ள," என்றார் அப்பா. "பக்கத்துக் கம்பத்து வீடுங்க வரைக்கும் கேக்கும்."

"கம்பத்துக்கு எதுக்கு மச்சான்? பாடுறவங்க மூச்சு விடுறது எனக்குக் கேக்கணும்."

கடை முதலாளி தவுக்கே உள்ளே போய் இரண்டு சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். "இது புக்கு வைக்கிற அலமாரியில வைக்கிறதுலா. சின்னதுதான். ஆனா எல்லாம் கேக்கும். இதுக்கு ஒளிக்கத் தெரியாது."

எங்கள் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் பஞ்சாங்கம். அதுவும் ஆணியில் தொங்கியது. ஸ்பீக்கரையும் ஆணியில்தான் மாட்டுவார்களோ என்று நான் யோசித்தேன்.

தவுக்கே பாட்டுப் போட வந்தார். மாமா விடவில்லை. "கடை கேசட்டு எதுல போட்டாலும் நல்லாத்தான் பாடும். தெரிஞ்ச குரலப் போட்டாத்தான் பெட்டி லட்சணம் தெரியும்." சட்டைப் பையிலிருந்து பரிசக் கேசட்டை எடுத்துப் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளையல் உரசுகிறது. தட்டில் வெற்றிலை வைப்பது கேட்கிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அப்போது பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல் அத்தையின் குரல் வந்தது.

"வேணாம்மா. ஒண்ணா வளந்தவரு. அண்ணன் மாதிரி தோணுதும்மா எனக்கு. அவருகூட நான் எப்படிம்மா..."

"வெளிய கேட்டுச்சு, என் பொணத்தத்தான் பாப்ப." அது பாட்டி.

அடுத்து தேங்காய் உடைந்தது. அது தேங்காய் இல்லை, கன்னம். அத்தை அழுகையை விழுங்குவது கேட்டது. அதற்கும் பின்னால், கூடத்தில் யாரோ "ரெண்டு பக்கமும் சம்மதந்தானே?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சுழலாத காற்றாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் விரல் பட்டன்மேல் இருந்தது, அழுத்தவில்லை. தவுக்கேயின் முகத்தில் மட்டும்தான் சிரிப்பு. "எப்படி? தெளிவா இருக்குலா?"

"தெளிவா இருக்கு தவுக்கே," என்றார் மாமா. "இதையே கட்டுங்க."

திரும்பும் பஸ்ஸில் மாமாவும் அப்பாவும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பரிசத்தன்று பெண் அழாமல் பின்னே யார் அழுவார்கள்? சிலிம் ரிவரில் இருக்கும் சொந்தக்கார அக்காகூடத் தன் பரிசத்தன்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு விருந்தில் இரண்டு இலை சாப்பிட்டாள். இதற்கு எதற்கு இப்படி இரண்டு இழவு முகம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாமா செட்டோடு வந்தார். சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் பெட்டிகளை வைத்தார். மெதுவாக ஒரு பாட்டைப் போட்டார். பிறகு, ஏதோ டிக்கெட் கிழிப்பவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்."

அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "டேய், என் வீட்டுக்காரரு தங்கச்சிடா அவ! இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் இந்த வீட்டுல சோறு திங்கிறது?"

பாட்டி வாசலுக்கு ஓடி மண்ணை அள்ளித் தூற்றினார். "எவளையாச்சும் வச்சிருக்கியாடா?"

"ஆமா, வச்சிருக்கேன்," என்றார் மாமா. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தால்கூட வியர்த்துப்போகிற மனிதர் அவர்!

வேலி தாண்டி வந்த கோழிக்காகப் பக்கத்து வீட்டோடு கைகலந்தவர் என் அப்பா. சொந்தத் தங்கையின் கல்யாணம் நின்றுபோகிறது, வாயே திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"கேசட்டுல அத்தையும் வேணாம்னுதானே..."

மாமா பாய்ந்து சத்தத்தை முழுக்கத் திருகினார். கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஆனால் அடுப்படி வாசலில் நின்றிருந்த அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கிளம்பியபோது அவர் பையை அப்பாதான் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார். அதற்கும் சேர்த்து அம்மா அன்றைக்கு அழுதாள்.

அதற்குப் பிறகு கம்பமே மாமாவைத் திட்டியது. பாட்டியிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள் அத்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அவன் விளங்கவே மாட்டான் அத்தே, நாசமாப் போவான்," என்றேன்.

ஈரக்கையோடு என் தொடையில் ஒரு கிள்ளு. நீலம் பாய்ந்துவிட்டது.

"அவன் இவன்னு சொன்னே, நாக்க அறுத்துருவேன். மாமான்னு சொல்லு."

"மாமா," என்றேன் அழுதுகொண்டே. பார்த்தால் அத்தையும் அழுகிறாள்.

விட்டுவிட்டுப் போனது அவர். திட்டியது அத்தைக்காக. கிள்ளு வாங்கியது மட்டும் நான். இது எந்த ஊர் நியாயம் என்று பொழுது சாயும்வரை தொடையைத் தேய்த்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.