முன்னுக்கு இழுத்த கயிறு

கடந்த கோடையில், தேர்த்திருவிழா முடிந்து வீடு திரும்பும் வேளையில், என் மருமகனின் புதிய வாகனம் புல்வெளியொன்றில் புதைந்துபோயிற்று. நான்கு சில்லுகளுக்கும் ஒருசேர விசை போகும் பெருத்த வாகனம் அது. பனியிலும் ஏறும், மலையிலும் ஏறும், யானையைக் கட்டினாலும் இழுக்கும் என்று வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஓதிக்கொண்டிருந்தார். பேர்ண் நகரத்து ஓரமான எங்கள் பூம்ப்ளிசில் யானைக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. கோயிலார் வாகனங்களை நிறுத்துவதற்காக ஏற்பாடு செய்திருந்த அந்த நிலத்தில் காலை மழை ஊறியிருந்தது. மருமகன் மிதித்தார், சில்லுகள் சுழன்றன. இன்னும் மிதித்தார், பின்னால் நின்ற பெண்களின் பட்டுச்சேலைகளுக்குச் சேறு போயிற்று. காலை எடுங்கோ என்று நான் இருமுறை சொன்னேன். பக்கத்து அறையில் பாடும் வானொலிக்குக் கிடைக்கிற மரியாதையே என் சொல்லுக்கும் கிடைத்தது.

ஈற்றில் நிலத்துக்குரிய விவசாயி தம் உழவு இயந்திரத்தோடு வந்தார். வாகனத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சங்கிலியைப் பின்பக்கத்தில் மாட்டினார். மருமகன் முன்பக்கத்தைக் காட்டி நெடிதாக ஏதோ விளக்கினார். அவரோ "ட்சுருக்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். பின்னுக்கு என்பது அதன் பொருள். நோயாளியைக் கட்டில் மாற்றுவதுபோல, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னுக்கு இழுத்து வெளியே விட்டுவிட்டார். வீடு வரும்வரை மருமகன், வாகனத்தில் ஒரு குறையுமில்லை, பிழை புல்லினுடையது என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

நான் அதைக் கேட்கவில்லை. சூடேறிய இரப்பரின் மணம் மூக்கில் நின்றது. அந்த மணம் வந்தால், நண்பரே, எனக்கு உடனே வெயில் ஏறிவிடும். நாவில் மணல் நறநறக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அரபு நாடொன்றின் பாலைவனத்தில், எண்ணெய் தேடுவோரின் முகாமில், சாரதியாக இருந்தேன். மணற்குன்றுகளின் மேல் கனத்த வாகனம் ஓட்டுவது, தெருவில் கற்றதையெல்லாம் மறக்கும் கலை. முதலில் சில்லுகளின் காற்றைப் பாதிக்குமேல் இறக்கவேண்டும். அவை ஒட்டகத்தின் பாதம்போல் அகன்று மணலில் படியும். மேட்டில் ஏறும்போது வேகம் தளரக்கூடாது. ஏறமாட்டாமல் நின்றுவிட்டால் வெட்கப்படாமல் வந்த தடத்திலேயே நேராகப் பின்னுக்கு இறங்கவேண்டும். குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும். நின்ற இடத்தில் நின்றுகொண்டு மிதித்தாலோ, சில்லு தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். தன் முயற்சியெல்லாம் தோற்ற பின்னர், இனி உன் செயல் என்று கையை விட்டுவிடுகிற அடியவரின் நிலையை நான் பதிகங்களில் ஓதியது ஊரில். அதன் பொருள் விளங்கியது மணலில். இதை ஒருமுறை என் மகளிடம் சொன்னேன். "மணலுக்கையும் சாமியோ, அப்பா?" என்றாள். வேறெங்கே இருப்பார் என்று நினைக்கிறாளோ தெரியாது.

இவற்றில் எதுவும் தில்லையம்பலத்துக்கு விளங்கவில்லை. அவன் என் ஊரவன், என் வயதினன், அதே முகாமில் இன்னொரு சாரதி. ஊர்க்கோயில் தேர் ஓடும்போது சில்லுக்குக் கட்டை போட்டு அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவன் குடும்பத்தாருக்குரிய உரிமை. ஆகையால் உலகில் கனமான எது அசைந்தாலும் அது தன் பரம்பரைச் சொத்து என்று அவன் எண்ணினான். மேற்பார்வையாளர் காற்றை இறக்கக் காட்டித் தரும்போது அவருக்குத் தலையாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "தேருக்குக் காத்து இறக்கிப்போட்டே இழுக்கிறம்?" என்பான். அவனுடைய அசையாத கொள்கை ஒன்று உண்டு. இருப்பிடம் விட்டுப் புறப்பட்ட தேர் ஓரடியும் பின்னுக்குப் போகக்கூடாது. போனால் ஊருக்கு ஆகாது. நானும் தேரைப் பற்றி அப்படியே நம்புகிறவன். ஆனால் தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏற்றிய வாகனத்துக்கு அந்த விதியை யார் விதித்தார்? மேட்டில் நின்றுவிட்டால் அவன் பின்னுக்கு எடுக்கவே மாட்டான். மற்றவர்கள் மாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நானும் அவனும் மண்வெட்டியோடு நிற்போம். குழிக்குள் நின்றபடி அவன் எனக்குத் தேரோட்டும் முறையைச் சொல்லித் தருவான்.

அந்த முகாமில் எனக்குக் கிடைத்த ஆறுதல் சூசை அண்ணை. மன்னார்க் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர், இரும்பு ஒட்டும் வேலை பார்த்தவர், எங்களுக்கு மூத்தவர், அதிகம் பேசாதவர். நானும் அவரும் ஒரே கூடாரத்தில் படுத்தோம். விடியலில் அவருடைய செபமாலையும் என் பதிகமும் ஒன்றையொன்று இடிக்காமல் போய்வந்தன. நான் இருமி இடையில் நிறுத்தினால், அவரும் தம் செபத்தை நிறுத்தி, நான் மீண்டும் தொடங்கும்வரை காத்திருப்பார். அவ்வளவு மரியாதை எனக்கு என் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

ஒருநாள் முகாமின் வானொலித் தொடர்பில் அவருக்குச் செய்தி வந்தது. தாயார் மன்னார் ஆசுபத்திரியில் கிடக்கிறார், நாள் அதிகமில்லை, மகனைப் பார்க்கவேண்டும் என்கிறார். மணற்குன்றுகளுக்கு அப்பால் இருந்த ஓடுதளத்துக்கு வாரம் ஒருமுறை சிறிய விமானம் வரும். மறுநாட் காலை அது வரும் நாள். அதைத் தவறவிட்டால் இன்னொரு வாரம். பாலையில் ஒற்றை வாகனம் போகக்கூடாது என்பது விதி. ஆகவே முதல் வாகனத்தை நான் ஓட்ட, சூசை அண்ணை என்னருகே இருந்தார். இழுவைக்கயிற்றோடு தில்லையம்பலம் பின்னால் வந்தான்.

கடைசிக் குன்று பெரியது. உச்சிக்கு மிக அண்மையில் மணல் இடிந்து, என் வாகனத்தின் வயிறு மணலில் அமர்ந்தது. முன்னுக்கும் அசையாது, பின்னுக்கும் அசையாது. வெயில் இன்னும் ஏறவில்லை, நேரம் இருந்தது; விதிப்படி சூசை அண்ணையை மற்ற வாகனத்தில் தனியே அனுப்பவும் முடியாது. சில்லுகளைச் சுற்றித் தோண்டிவிட்டு, கயிற்றைப் பின்னுக்குக் கட்டிக் கீழே இழு, குன்றைச் சுற்றிக்கொண்டு போவோம் என்று தில்லையம்பலத்திடம் சொன்னேன். அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சாகக் கிடக்கிற தாயைப் பாக்கப் போற வாகனத்தைப் பின்னுக்கு இழுக்கவோ? என்னால ஏலாது."

"இது தேர் இல்லையடா."

"போற காரியம் தேரிலும் பெரிசு."

நான் கெஞ்சினேன், ஏசினேன், மேற்பார்வையாளரின் பாடத்தை முதலிலிருந்து ஒப்புவித்தேன். அவனோ பாட்டன், பூட்டன் என்று ஏறிக்கொண்டே போனான். நேரமும் போய்க்கொண்டிருந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியபோது இருவருமே சூசை அண்ணையைப் பார்த்தோம். அவர் செபமாலையை விரலில் சுற்றியபடி உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு அந்தப் பக்கத்தில், நடந்து எட்ட முடியாத தொலைவில், ஓடுதளம். பிறகு நாங்கள் வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"முன்னுக்கே இழுங்கோ, தம்பியவை" என்றார்.

நான் ஏறி என் இருக்கையில் அமர்ந்தேன். தில்லையம்பலம் தன் வாகனத்தைப் பக்கச்சரிவால் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய், கயிற்றை என் வாகனத்தின் முன் கொளுக்கியில் கட்டினான். கயிற்றை முதலில் இறுகவிடு, பிறகு மெல்ல இழு என்று கத்தினேன். அவன் தேர் வடத்தைத் தளரவிட்டு எல்லாரும் ஒருமித்து வெட்டி இழுப்பதுபோல, கயிற்றைத் தளரவிட்டு, "அரோகரா" என்று ஒரே பாய்ச்சலில் பாய்ந்தான். கயிறு அறவில்லை. கொளுக்கி அடியோடு பிய்ந்து கயிற்றோடு அவன் வாகனத்தை நோக்கிப் பறந்தது. பிடி விட்டதும் அவன் வாகனம் உச்சியைத் தாண்டி, மறுபுறம் மூக்குக் குத்தி, கதவு மட்டத்துக்கு மணலில் செருகிக்கொண்டது.

மூவரும் மண்வெட்டிகளாலும் பலகைகளாலும் தோண்டினோம். தோண்டிக்கொண்டிருக்கையிலேயே விமானத்தின் இரைச்சல் கேட்டது. அது எழும்பி, வளைந்து, எங்கள் மேலால் போயிற்று. அதன் நிழல் குன்றுகளின்மேல் ஏறி இறங்கிப் போனதை இப்போதும் காண்கிறேன். சூசை அண்ணை நெற்றியிலும் மார்பிலும் சிலுவையிட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தோண்டத் தொடங்கினார். அடுத்த வார விமானத்தில் அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, தாயாரை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

பின்னர் நாட்டில் போர் மூண்டு, மூவரும் வெவ்வேறு வழிகளால் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் பேர்ணில் ஆசுபத்திரிச் சமையலறை ஒன்றில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டினேன். அவர்கள் இருவரும் அடுத்த நகரான பீலில், மணிக்கூட்டு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய்வந்தார்கள். கலியாணம், பிறந்தநாள், தேவாலயப் பெருநாள், எங்கள் கோயில் அன்னதானம் என்று மூவரும் எங்கே கூடினாலும், சாப்பாட்டு மேசையில் தில்லையம்பலம் அந்தக் கதையை எடுப்பான்.

அவன் சொல்லும் கதையில் ஒரே இழுவையில் வாகனம் உச்சியைக் கடக்கும். விமானமோட்டி எங்களுக்காகவே விசிறியைச் சுழலவிட்டுக் காத்துக்கொண்டு நிற்பான். சூசை அண்ணை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, தாயின் கையில் செபமாலையைக் கொடுப்பார். தாய் மகனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவார். மேசையில் இருக்கும் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். சூசை அண்ணை தலையை ஆட்டி, "ஓம், தில்லை சொல்லுறது சரி" என்பார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். முதல்முறை இடைமறித்து, விமானம் போய்விட்டதெல்லோ என்றேன். அன்று எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, பாவம், ஒன்றும் நினைவில்லை என்று தில்லையம்பலம் சபைக்கு அறிவித்தான். சபை சிரித்தது. நான் சூசை அண்ணையை நோக்கினேன். அவர் என் தட்டில் இன்னொரு வடையை வைத்து, சாப்பிடச் சொன்னார். ஆண்டுகள் போகப் போகக் கதையும் வளர்ந்தது. ஓர் ஆண்டு விமானமோட்டி முருகபக்தனாகவே ஆகிவிட்டான். இனி அவன் இருக்கும் பந்திக்கு வரமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்கள் என்ன நீதவானோ? பேசாமல் வந்து சாப்பிடுங்கோ" என்றாள். மெய்யை மெய்யென்று சொல்வதற்கு நீதவான் உத்தியோகம் வேண்டுமென்று எந்த நூலில் எழுதியிருக்கிறதோ அறியேன்.

ஒருமுறை பீல் புகையிரத நிலையத்தில் சூசை அண்ணை என்னை வழியனுப்ப வந்திருந்தார். நாங்கள் இருவர் மட்டுமே. அந்தப் பொய்யை ஏன் அண்ணை ஆமோதிக்கிறீர்கள் என்று பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னுக்கு எண்டு சொன்னது நான்தானே, தம்பி" என்றார். பிறகு, "அவன் சொல்லேக்கை நான் ஒவ்வொருக்காவும் நேரத்துக்குப் போய்ச் சேந்திடுறன்" என்றார்.

புகையிரதம் வந்துவிட்டது. அதன்பிறகு நான் இடைமறிக்கவில்லை. ஆனால் எரிச்சல் தணிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்; வாயை மூடிக்கொண்டு எரிவது அதனிலும் கொடிது. தில்லையம்பலம் இதையெல்லாம் அறிந்துதான் சொன்னானா, அல்லது தேர் பின்னுக்குப் போகவில்லை என்று நிலைநாட்டுவதற்காகவே சொன்னானா என்பது இன்றுவரை எனக்குப் புலப்படவில்லை. அவனிடம் கேட்கலாம், கேட்டால் கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுவான்.

சூசை அண்ணை கடந்த கோடைத் தேருக்கு முந்திய பனிக்காலத்தில் காலமானார். அவருடைய மனைவி அவருக்கு முன்னரே போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் சாப்பாடு நடந்தது. அவருடைய மகன் யூட் இங்கே பிறந்து வளர்ந்தவன். இந்நாட்டு இழுவையோடு நல்ல தமிழ் கதைப்பான். அவன் எழுந்து, அப்பா ஊருக்குப் போன அந்தக் கதையைத் தில்லை மாமா ஒருமுறை சொல்லவேண்டும் என்று கேட்டான். தில்லையம்பலம் எழுந்தான். "அந்த மணல்..." என்றான். கைக்குட்டையைத் தேடுவதுபோல எல்லாப் பைகளையும் தடவிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

யூட் என் பக்கம் திரும்பினான். "அப்ப நீங்கள் சொல்லுங்கோ, மாமா."

நாற்பது ஆண்டுகளாக மெய்யான கதையை எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் வைத்திருந்தவன் நான். ஒருவர்கூட இடைமறிக்காத சபை அன்றுதான் எனக்கு முதன்முதலாக வாய்த்தது. எழுந்து நின்றேன். கயிற்றைக் கட்டியதைச் சொன்னேன். அரோகராவைச் சொன்னேன். வாகனம் உச்சியைக் கடந்ததையும், விமானம் காத்து நின்றதையும், தாயின் கையில் செபமாலையை மகன் வைத்ததையும் சொன்னேன். யூட் பிள்ளைபோல வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே மேலங்கிகள் தொங்கிய இடத்தில் தில்லையம்பலம் என்னைப் பிடித்துக்கொண்டான். "என்னடா கதை சொன்னனீ? விமானமோட்டி முருகபக்தன் எண்டதை விட்டிட்டாய். செபமாலை குடுத்தது வலக்கையில. நீ கையையே சொல்லேல்லை. தெரியாட்டி வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்." என் கையில் குடை இருந்தது. இறைவன் தடுத்தான்.

அந்த முகாம் இப்போது இல்லை. மணற்குன்றுகளின் குறுக்கே தார்த்தெரு போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. சாரதிகளுக்கு அங்கே காற்றிறக்கும் வேலை இராது. விமானம் தவறியதை அறிந்தவர்கள் நாங்கள் இருவரே. இருவரும் கிடைத்ததாகவே சொல்லிவிட்டோம்.

அப்படியாயின் இதை இங்கே எழுதி வைத்திருக்கிறாயே, யூட்டின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். படாது. சனிக்கிழமைதோறும் சூசை அண்ணை அவனைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்; தன் பெயரையும் தகப்பனின் பெயரையும் எழுதப் பழகியதோடு அவன் நின்றுவிட்டான். என் பேரப்பிள்ளைகளும் அவ்வளவே. சூசை அண்ணையின் குடும்பத்தில் இந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த கடைசி மனிதர் அவர்தாம். நான் இதை அச்சிட்டு அவன் மேசையில் விரித்து வைத்தாலும், அவன் தன் தகப்பனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்துவிட்டு மூடிவிடுவான். ஒன்றை ஒளித்து வைப்பதற்கு இத்தனை பத்திரமான இடமாகத் தமிழ் ஆகிவிடும் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.