பனிப்பாதையில் இன்னொரு சுற்று

துபாய் சத்வாவில், ஜூலை மாத வெயிலில், குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். மாலுக்குள்ளே பனி கொட்டி வைத்திருக்கிறார்கள், ஆளே விறைத்துப்போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, எதிர் ஃப்ளாட் சேச்சியிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர்களை வீட்டிலேயே போட்டுவிட்டிருந்தாள் அம்மா. வியர்த்து ஊற்றப் போய்ச் சேர்ந்தால், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வாசலில் அவர்களே கொடுத்தார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா விடவில்லை. ஸ்வெட்டருக்கு மேலேயே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள்.

வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட அப்பா அந்த வெள்ளிக்கிழமை தானாகவே கூட்டிப்போனதற்குக் காரணம் இருந்தது. கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் விசாவை கேன்சல் செய்து, அம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அப்பா ஏதாவது ரூமில் ஒரு கட்டில் பிடித்துத் தங்குவதென்று முடிவாகியிருந்தது. எனக்குச் சொல்லப்பட்டது, லீவுக்குப் போகிறோம் என்று மட்டும்தான்.

உள்ளே பனிக்கு நடுவே வளைந்து சுற்றிவரும் ஒரு பாதை. இருபுறமும், அண்ணாந்து பார்த்தால் குல்லா கழன்று விழும் உயரத்துக்கு மரங்கள். தட்டிப் பார்த்தேன், டொக்கென்றது. மரம் பொய்தான். ஆனால் காலடியில் நொறுங்கிய பனி நிஜம், என் மூக்கு மரத்துப்போனதும் நிஜம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை.

எங்கள் தெருவில் பாதிகூட இல்லாத அந்தப் பாதையை அப்பா ஆற அமர நடந்தார். முடிந்ததும், "இன்னொரு சுத்து போவமாம்மா?" என்றார் என்னிடம். போனோம். மறுபடியும் கேட்டார். வீட்டில் ஏசியைக் கொஞ்சம் கூட்டினாலே போர்வையைத் தேடுகிற மனிதர். எங்கே போனாலும் நேரமாச்சு என்று பிடுங்கியெடுக்கிற அம்மாவும் அன்று சுற்றுக்குச் சுற்று கூடவே நடந்தாள். மரங்களை நான்தான் பார்த்தேன். அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். நேரம் முடிந்தது என்று அங்கிருந்தவர்கள் வந்து சொல்லும்வரை நடந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோனில் கேட்பேன்: "இன்னிக்குப் பனிக்குப் போனீங்களாப்பா?"

"இந்த வாரம் டியூட்டி வந்துருச்சும்மா" என்பார்.

பனி என்றால் அவ்வளவு உயிராக இருக்கிறவருக்கு, பக்கத்திலேயே இருந்தும் போக முடியவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.