வாய் திறக்காத ஆட்டம்

ரொட்டிக்கடை அடுப்பு முன்னால் இரவு முழுக்க வேகிறவன் அவன். சொந்தத்தில் எல்லோருக்கும் ரொட்டிக்காரன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. விடிந்து அவன் வீடு வரும்போது பெண்டாட்டி சலவைக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் இருந்தவரை பகல் தூக்கத்துக்குக் குறைவில்லை. கோடை விடுமுறை வந்ததும் வந்தது, வீடு இரண்டுபட்டது.

மூத்தது பையன், இளையது பெண். இரண்டும் வாலு. முதலில் அவனும் நல்ல தகப்பனாகத்தான் பார்த்தான். போர்வையைக் கட்டிக் கூடாரம் போட்டுக் கொடுத்தான். வாளித் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அவனுக்குத்தான் கண் சொருகியது. ஒரு ராத்திரி அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, சூடான தட்டோடு சாய்ந்துவிட்டான். முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார்.

அப்போது தோன்றியதுதான் வாய் திறக்காத ஆட்டம். அப்பா எழுந்திருக்கும்வரை சத்தம் போடாதவருக்கு ஜெயம். ஜெயித்தவர் சாயங்காலம் அப்பா தோளில் ஏறிக் கடைத்தெரு போகலாம். பிள்ளைகள் சொக்கிப்போனார்கள். சைகையாலேயே சண்டை போட்டார்கள், சைகையாலேயே ராசியானார்கள். அவன் குறட்டை விட்டான்.

அத்தோடு விட்டானா? கொழுந்தியாள் வந்து, தன் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள் என்று புலம்பியபோது, "பிள்ளை வளக்கத் தெரியணும்மா. பகல்ல என் வீட்டுக்கு வந்து பாரு, ஈ பறந்தா கேக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டான்.

ஒருநாள் அவன் கண் விழித்தபோது இரண்டு பேரும் கட்டில் காலடியில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் வாயில் துண்டைக் கடித்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். அண்ணன்காரன் அவள் கையில் சுற்றிவிட்ட துணி சிவந்துபோயிருந்தது. அவன் எழுந்து உட்காரும்வரை பையன் பொறுத்திருந்தான். பிறகுதான், பீரோக் கதவில் விரல் நசுங்கிவிட்டது, அப்பா தூங்கப் போன கொஞ்ச நேரத்திலேயே நசுங்கிவிட்டது என்று சொன்னான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் கட்டுப் போட்டார். விரல் பிழைத்தது, நகம் போய்விடும் என்றவர், இத்தனை நேரம் என்ன செய்தீர்கள் என்றும் கேட்டார். விழுந்தடித்து வந்த பெண்டாட்டி பையன் முதுகில் ஒன்று வைத்தாள். "அப்பாவ எழுப்ப வாய் இல்லையாடா உனக்கு?" பையன் தலையைக் குனிந்துகொண்டான், அப்பனைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெட்கக்கேடு, பிள்ளை தனக்காக அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு ரொட்டிக்காரன் மரம்போல நின்றான்.

சின்னவள்தான் பேசினாள். "அண்ணன அடிக்காதம்மா. சத்தம் போட்டா தோத்துடுவோம்ல. நான் அழவே இல்லப்பா. நான்தானே ஜெயிச்சேன்?"

பெண்டாட்டி திரும்பி அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் மருந்துச் சீட்டில் கண்ணை வைத்துக்கொண்டார்.

"நான் தூங்கணும்னு நான்தான் சொல்லிவெச்சேன்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மறுநாள் கூடத்திலேயே படுக்கையை விரித்தான். பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்த ஆட்டம் இனிமேல் கிடையாது, இஷ்டம்போல் கத்துங்கள், குதியுங்கள் என்றான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சின்னவள் அண்ணன் காதில் குசுகுசுவென்று ஏதோ சொன்னாள்.

"கத்துங்கடா" என்று கெஞ்சினான்.

பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டே கேட்டான்: "நீங்க தூங்கிட்டீங்கன்னா?"

ரொட்டிக்காரன் படுக்கையைச் சுருட்டி வைத்தான். முகம் கழுவப் போனவன் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றான்.