நிப்பாட்டாத படம்

கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி வாங்கிய பழைய ஃபிலிம் படத்தை மகள் கைப்பேசியில் ஓடவிட்டாள். படத்தில், லாபிஸ் ஊரில் இருந்த எங்கள் பழைய வீட்டு வாசலில் என் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

என் சிறுவயதிலேயே அம்மா இறந்துவிட்டாள். அதன்பின் தீபாவளிதோறும் அப்பா அந்தச் சுருளைப் புரொஜெக்டரில் கோப்பார். லென்ஸுக்கு மேலும் கீழும் ஃபிலிமை வளைத்துத் தளர்வாக விடுவார். எல்லாரும் திரையைப் பார்க்க, நான் அந்த வளைவையே பார்த்திருப்பேன். அது இறுகினால் ஃபிலிம் சிக்கி நிற்கும். நின்றால் விளக்குச் சூட்டில் கருகிவிடும்.

அம்மா திரும்பிச் சிரிக்கும் இடத்தில் அத்தை கெஞ்சுவார்: "கொஞ்சம் நிப்பாட்டுங்கண்ணே. அண்ணி மூஞ்சிய நல்லா பாத்துக்கிறேன் லா."

"நிப்பாட்டுனா கருகிப் போயிருவாம்மா," என்பார் அப்பா.

கைப்பேசியில் அம்மா திரும்பினாள். மகள் விரலால் தொட்டாள். படம் நின்றது.

"நிப்பாட்டாத!" என்று கத்திவிட்டேன்.

எதுவும் கருகவில்லை. அம்மாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.